வெள்ளிக்கிழமை, பல்லாவரம், ஒரு குட்டி வைப்பர்!

உங்க கிளாஸ்ல யாரையாவது எழுப்பி, 'ஒரு காருக்கு எத்தனை வைப்பர்?' என்று கேட்டுப் பாருங்க. முன்னாடி ரெண்டு, பின்னாடி இருந்தா ஒண்ணு, ஆக மூணு என்பார்கள். எங்க பெரியப்பா வண்டிக்கு நாலு. பின்னாடி ஒண்ணுகூடக் கிடையாது! முன்கண்ணாடிக்கு ரெண்டு போக, ஹெட்லைட்டுக்குத் தலைக்கு ஒண்ணு. ஒரு சாண் நீளத்தில், கண்ணுக்குக் கீழே மை இழுத்த மாதிரி சமர்த்தாகப் படுத்திருக்கும்.

அந்த நாலில் ஒண்ணு மூணு மாசத்துக்கு முன்னாடி மண்டையைப் போட்டது. அதுவும் ஒழுங்காகக் கீழே படுத்து இல்லை, லைட்டுக்கு நட்டநடுவில் நின்றபடியே! ராத்திரி லைட் போட்டால் வலது பக்க வெளிச்சத்தில் மங்கலாக ஒரு பட்டை விழும். ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோகும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. 'சரி பண்ணலாமா, கழட்டி எறியலாமா?' என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற ஒரே ஜீவன் என்பதால் நடுவர் நான். எனக்கோ அந்த செமஸ்டரில் ரெண்டு அரியர். அது வேற கதை.

விடை தேடி நான் போன இடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. வாங்க, சேர்ந்தே போகலாம்.

பீச் - தாம்பரம் லைனில் திரிசூலத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் இறங்கணும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் யாரிடமும் வழி கேட்காதீங்க. காலிப் பையோடு போகிறவர்கள் பின்னாடியே போங்க. எதிரே ஒருத்தர் தலையில் நாற்காலியும் கையில் டேபிள் ஃபேனுமாக வந்தால் ரூட் கரெக்ட். பழைய டிரங்க் ரோடு என்ற அந்த கன்டோன்மென்ட் ஏரியா ரோடு மத்த நாளில் பரம சாது. வெள்ளிக்கிழமை மட்டும் அதுக்கு சாமி வந்துடும்.

என்னதான் கிடைக்காது? கருவாடு, கோழிக்குஞ்சு, ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ், யாரோ கைவிட்ட கீபோர்டு, சார்ஜர் மலை, ஒத்தைக் கால் ஷூ (ஆமாங்க, ஒத்தை!), துரு ஏறிய ஸ்பேனர், பெயர் தெரியாத கருவிகள். கோணி விரித்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்களிடம் 'இது என்னதுண்ணா?' என்று கேட்டால், பாதிப் பேர் 'தெரியாது, அம்பது ரூபா' என்கிறார்கள். தெரியாத பொருளுக்கு எப்படிண்ணா விலை?

இங்கே ஒரு ஜி.கே. மேட்டர். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் துறை அதிகாரி இதே பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கல்லால் செய்த கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று முதன்முதலாக அடையாளம் கண்டது அதைத்தான். ஆக, யாரோ போட்டுவிட்டுப்போன பழைய டூல்ஸ் பல்லாவரத்தில் கிடைப்பது இன்று நேற்று சமாச்சாரம் இல்லை!

இப்போ வண்டிக்கு வருவோம்.

பெரியப்பா முப்பது வருஷம் ஒரு தோல் ஏற்றுமதிக்காரரிடம் டிரைவர். பல்லாவரத்தை ஒட்டிய நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழில் இருப்பது தெரிந்திருக்கும். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் பக்கத்து வீடு மாதிரி. முதலாளி சாயங்காலம் கிளம்பச் சொன்னால் விடியற்காலையில்தான் வீடு. அந்த ராத்திரிகளில் ஓடிய வண்டிதான் இந்த பென்ஸ், டபிள்யூ 123 என்கிற மாடல். 1976-லிருந்து 1986 வரை உலகம் முழுக்க சுமார் 27 லட்சம் வண்டிகள் தயாரானதாம். அப்போதெல்லாம் தூதரகங்களில் ஓடி முடித்த வெளிநாட்டுக் கார்களை மத்திய அரசின் எஸ்.டி.சி. நிறுவனம் விற்கும். முதலாளி அப்படித்தான் வாங்கினார். ரோடு முழுக்க அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் ஹெட்லைட்டுக்கு வைப்பர் வைத்த கார்! சிக்னலில் நிற்கும்போது சின்னப் பையன்கள் 'போட்டுக் காட்டுங்க அங்கிள்' என்று கெஞ்சுவார்களாம். போட்டும் காட்டுவாராம்.

முதலாளி காலமான பிறகு, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வண்டி வேண்டாம். இரும்பு விலைக்கு பெரியப்பா வாங்கிவிட்டார். பெரியம்மா அந்த இரும்பு விலையை இன்னும் மன்னிக்கவில்லை.

மெக்கானிக் அண்ணனின் தீர்ப்பு ஒரே வரி. 'புடுங்கிப் போட்டுட்டு ஓட்டைய அடைச்சிடலாம் சார். நம்மூர்ல என்ன பனியா பெய்யுது?'

அவர் சொன்ன பனி சும்மா வாய்க்கு வந்த பேச்சு இல்லை. இந்தக் குட்டி வைப்பர் பிறந்ததே ஸ்வீடனில்தான். 1970-ல் சாப் கம்பெனி தன் 99 மாடல் காரில் ஹெட்லைட் வைப்பரைக் கொண்டுவந்தது. பின்னாலேயே வால்வோவும் வைத்தது. அந்த ஊரில் குளிர்காலத்தில் மதியம் மூணு மணிக்கே இருட்டிவிடும். ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். முன்னால் போகிற லாரி அந்த உப்பும் சேறும் கலந்த கஞ்சியை உங்க லைட் மேல் வாரி இறைத்துக்கொண்டே போகும். கொஞ்ச தூரத்திலேயே லைட் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். பகலிலும் லைட் போட்டுத்தான் ஓட்டணும் என்று 1977-ல் சட்டமே போட்ட நாடு அது. அவங்களுக்கு இது சோறு மாதிரி. நமக்கு ஊறுகாயா, அதுவும் இல்லையா என்பதுதான் கேள்வி. (சாப் கார் கம்பெனி 2011-ல் திவாலாகிவிட்டது. ஐடியா மட்டும் பம்மல் வரைக்கும் வந்து நிற்கிறது, பாருங்க!)

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்கண்ணாடிக்கு வைப்பர் கட்டாயம், அது விதி 101. ஹெட்லைட்டுக்கு வைப்பர் வேணும்னு நம்ம ஊரில் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஹெட்லைட் ஒழுங்காக எரியணும். அதற்குக் குறுக்கே ஒரு குச்சி நிற்கக் கூடாது. அவ்வளவுதான். ஆக கழட்டுவதில் சட்டச் சிக்கல் இல்லை.

'கழட்டிடலாம் பெரியப்பா' என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். 'சரிம்மா. முதல்ல ரிப்பேர் ஆகுமா ஆகாதான்னு பாரு. ஆகலைன்னா கழட்டு. பார்க்காமயே கழட்டக் கூடாது.'

மூணு வருஷ இன்ஜினீயரிங்கில் எந்த புரொஃபசரும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

சந்தையில் பழைய கார் சாமான் விரித்திருந்த ஒருவரிடம் போய் செல்லில் இருந்த போட்டோவைக் காட்டினேன். 'ஹெட்லைட் வைப்பர் மோட்டாரா? இருக்கு பாப்பா!' என்று ஒண்ணை எடுத்து நீட்டினார். 'ஆயிரத்து ஐந்நூறு.' நான் அறுநூறு என்றேன். அவர் சிரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏதோ ஒரு சின்னக் காரின் பின்கண்ணாடி வைப்பர் மோட்டார். ஸ்க்ரூ துளைகள் வேற இடத்தில், தண்டின் பல் வேற மாதிரி. கேட்டேன். 'அட, உனக்குத் தெரியுதே!' என்று வாங்கி வைத்துக்கொண்டார். கோபமே இல்லை. 'போட்டோ எடுத்துட்டு வந்தா போட்டோதான் கிடைக்கும். சாம்பிள் கழட்டி எடுத்துட்டு வா. லெஃப்ட்டு, ரைட்டு வேற வேறயா இருக்கும். எது செத்துதோ அதையே கொண்டா.'

இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்க. பல்லாவரமோ, எழும்பூர் பக்கம் புதுப்பேட்டையோ, பழைய பார்ட்ஸ் வாங்கப் போனால் செத்த பார்ட் கையில் இருக்கணும்.

அடுத்த நாள் மெக்கானிக் அண்ணன் மோட்டாரைக் கழட்டிக் கொடுத்தார். கழட்டும் முன் சின்னதாக ஒரு சோதனை. பிளக்கை உருவிவிட்டு, நடுவில் ஃபியூஸ் வைத்த ஒயரில் நேராக பேட்டரியிலிருந்து 12 வோல்ட். மோட்டார் ஓடினால் தப்பு ஒயரிங்கில். ஓடவில்லை என்றால் மோட்டாரில். எங்களுடையது 'ங்ங்' என்று முனகி, ஃபியூஸைக் கொன்றது. இறுகிப்போன மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால், சுத்த முடியாத கோபத்தில் அது மடமடவென்று கரண்ட்டைக் குடிக்கும். அதே ஃபியூஸில் வேற எதுவாவது இருந்தால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். ஃபியூஸ் போகுதே என்று பெரிய ஃபியூஸ் போடுகிற புத்திசாலிகள் உண்டு. ஒயர் எரியும், ஜாக்கிரதை! 'ஓடலைன்னா ஓடலை, அது பாட்டுக்கு இருக்கட்டும்' என்று விடுவது ஏன் தப்பு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சந்தையிலிருந்து திரும்பும்போதே பம்மல் மெயின் ரோட்டில் ஒரு வைண்டிங் கடை பார்த்து வைத்திருந்தேன். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மோட்டார் பார்க்கிற இடம். கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். 'கார்ல எங்க இருக்கும் இது?' என்றார். சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார்.

உள்ளே இருந்த கிரீஸ் ஆறிப்போன திருநெல்வேலி அல்வா. நாற்பது வருஷக் கிரீஸ்! தண்டு வெளியே வருகிற இடத்தில் இருந்த ரப்பர் சீல் நொறுங்கி, தண்ணி இறங்கி, தண்டில் துரு. மோட்டார் சுருள் பத்திரமாக இருந்தது. கார்பன் பிரஷ்ஷும் பாதி மிச்சம். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, உப்புத்தாளால் தண்டைத் தேய்த்து, புதுக் கிரீஸ், புது சீல். ஒரு மணி நேரம். பேட்டரியில் வைத்ததும் தண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடி, ஒயரை எடுத்ததும் டக்கென்று நின்றது. 'நின்னுச்சே, இது வீட்டுக்குப் போகுமா?' என்று அவரே கேட்டுக்கொண்டு மூடியில் இருந்த இன்னொரு முனையில் கரண்ட் கொடுத்தார். மெதுவாகத் திரும்பி தன் இடத்தில் போய் நின்றது. நாம் சுவிட்சை விட்டதும் வைப்பர் பாதியில் நிற்காமல் கீழே போய்ப் படுப்பது இதனால்தான். மோட்டாருக்குள்ளேயே ஒரு சின்ன தொடுப்பு, அது தன் இடத்துக்கு வரும்வரை கரண்ட்டை விடாது. எங்க வண்டியில் நட்டநடுவில் நின்றது, வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்த பிணம்!

முந்நூற்று ஐம்பது ரூபாய் கேட்டார். பேரம் பேச மனசு வரவில்லை.

மோட்டார் ரெடி. ஆனால் தண்ணி வரவில்லை. ஹெட்லைட் வைப்பர் வேலை செய்வதற்குத் தண்ணி பாதி, ரப்பர் பாதி. இதன் நாசில் துளை குண்டூசி அளவுதான் இருக்கும். பெரியப்பா வருஷக்கணக்கில் டேங்க்கில் ஊற்றியது எங்க ஏரியா போர் தண்ணி. உப்பு படிந்து துளை கல்லாகிவிட்டது. ஸ்வீடன்காரன் ரோட்டு உப்பைத் துடைக்கக் கண்டுபிடித்ததை நாங்கள் பம்மல் உப்பைப் போட்டே அடைத்திருக்கிறோம்! ஊசியால் குத்தி, வினிகரில் ஊறவைத்துத் திறந்தோம். இப்போது அதற்குக் கேன் வாட்டர் மட்டும்தான். பெரியம்மா பார்க்காத நேரத்தில்.

எல்லாம் மாட்டிய பிறகும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. சும்மா பந்தாவுக்கா, நிஜமாகவே பிரயோஜனமா? ராத்திரி எட்டு மணிக்கு வண்டியை எங்க காம்பவுண்டு சுவரைப் பார்க்க நிறுத்தி, டிம் லைட் போட்டோம். சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காமல் இருக்கத்தான் அந்தக் கோடு. பிறகு ஒரு மக்கில் செம்மண்ணைக் கரைத்து ரெண்டு லைட் மேலும் தெளித்துக் காய விட்டேன். திரும்பப் போட்டால்... கீழே வெளிச்சம் குறைந்துவிட்டது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, அந்தக் கோட்டைக் காணோம்! மண் துகளில் பட்டு வெளிச்சம் மேலே சிதறி, கோட்டுக்கு மேல் சுவரெல்லாம் மஞ்சள் புகை. அழுக்கு லைட் உங்களுக்கும் ரோட்டைக் காட்டாது, எதிரே வருகிறவனையும் கூசவைக்கும். இதைப் படித்தபோது வராத புத்தி பார்த்தபோது வந்தது.

பெரியப்பா ஒரு தட்டு தட்டினார். தண்ணி பீச்சியது. ரெண்டு குட்டிக் கையும் எழுந்து நாலு தரம் ஆடிவிட்டுப் படுத்தன. நடுவில் பளிச். கோடு திரும்ப வந்துவிட்டது. மூலைகளில் மட்டும் அழுக்கு அப்படியே.

அப்புறம் நான் ஒரு ஈரப் பனியன் துணியால் மூலையையும் துடைத்தேன். பத்து செகண்ட். வைப்பரைவிட சுத்தம்.

'அப்போ துணியே போதுமே பெரியப்பா?' என்றேன். அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. 'வாலாஜா தாண்டி மழையில ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிக்குப் பின்னாடி வந்துட்டு இருக்கே. ஓரம் கட்டி இறங்கித் துடைப்பியா? பின்னாடி வர்றவனுக்கு நீ நிக்கிறது தெரியுமா?'

ஹைவேயில் ராத்திரி ஓரமாக நிறுத்திய வண்டி மேல் மோதிய விபத்துகளை நாம் பேப்பரில் படிக்காத வாரம் உண்டா? நிற்காமலே துடைக்க முடிகிறது. இந்தப் பொருளின் ஒரே நியாயம் அதுதான், ஆனால் பெரிய நியாயம்.

ஆனாலும் நடுவர் இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. 'இப்போ ராத்திரி ஓட்டறீங்களா?' கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் இருட்டினால் வண்டியைத் தொடுவதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் 'இல்லை' என்று மட்டும் சொன்னார். நான் ஏன் கேட்டேன் என்று இருந்தது.

உங்க வீட்டிலோ, தெரிந்தவர் ஷெட்டிலோ இப்படி ஒரு வண்டி நின்றால், நான் சொல்வேன்: கண்ணாடி லைட்டாக இருந்து, மோட்டார், தண்ணி, ரப்பர் மூணையும் உயிரோடு வைத்திருக்க முடியும் என்றால் ரிப்பேர் பண்ணுங்க. மூணில் ஒண்ணு முடியாது என்றாலும் கழட்டிவிடுங்க. தண்ணி வராத வைப்பர் மெட்ராஸ் தூசியில் உப்புத்தாள் மாதிரி. துடைக்கத் துடைக்க கண்ணாடியில் கீறல் விழும், கீறல் விழுந்த கண்ணாடி அழுக்குக் கண்ணாடியின் நிரந்தர அண்ணன். அரைகுறையாக வைத்திருப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

கழட்டினால் ரெண்டு பக்கமும் கழட்டுங்க, ஒத்தைப் புருவம் அசிங்கம். ஒயரை வெட்டாதீங்க, பிளக்கை உருவி டேப் சுற்றி உள்ளே கட்டுங்க. தண்ணி டியூபை அடைக்க மறந்தால் கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கும்போதெல்லாம் எஞ்சினுக்கு அபிஷேகம் நடக்கும். தண்டு வந்த ஓட்டையில் அன்றைக்கே ரப்பர் அடைப்பு வையுங்க, ஒரு மழைக்காலம் போதும் துரு பிடிக்க. கழட்டியதைக் காயலான் கடையில் போடாமல் டிக்கியில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்க.

புது வண்டிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். தொண்ணூறுகளிலேயே லைட் கண்ணாடி பிளாஸ்டிக்காக மாறத் தொடங்கிவிட்டது. அதில் வைப்பர் தேய்த்தால் கோடு விழும். அதனால் கையே இல்லாமல் வேகமாகத் தண்ணி மட்டும் பீச்சுகிற ஜெட் வந்தது. ஐரோப்பிய விதிப்படி 2,000 லூமனுக்கு மேல் வெளிச்சம் தருகிற பல்பு உள்ள ஹெட்லைட்டுக்குச் சுத்தம் செய்யும் கருவி கட்டாயம். செனான் லைட் வைத்த கார்களின் பம்பரிலிருந்து எலி எட்டிப் பார்ப்பது மாதிரி ஒண்ணு வெளியே வந்து துப்பிவிட்டு உள்ளே போகுமே, அது இதனால்தான்.

எங்க வீட்டுத் தீர்ப்பு? ரெண்டும் இப்போ ஓடுகிறது, அதனால் இருக்கட்டும். அடுத்த தடவை எது செத்தாலும் ரெண்டையும் சேர்த்துக் கழட்டுவது என்று ஒப்பந்தம். பெரியப்பா கையெழுத்து மட்டும் போடவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதிகாரி லைட்டைப் போடச் சொன்னார், எரிந்தது, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். வைப்பரைக் கவனிக்கவே இல்லை. பெரியப்பாவுக்கு அதுதான் வருத்தம்.

ரப்பர் மட்டும் பாக்கி இருந்தது. பழைய ரப்பர் பொரபொரவென்று ஆகிவிட்டதால், போன வெள்ளிக்கிழமை மறுபடி சந்தைக்குப் போனேன், இந்தத் தடவை சாம்பிளோடு. அதே அண்ணன், அதே கோணி. பெரிய வைப்பர் ரப்பர் ஒண்ணை எடுத்து, சாம்பிளை வைத்து அளந்து, பிளேடால் ரெண்டு துண்டு நறுக்கிக் கொடுத்தார். நாற்பது ரூபாய்.

'ஓடுதா பாப்பா?'

'ஓடுதுண்ணா.'

'எப்பவாவது கழட்டினா எனக்குக் கொண்டாந்து குடு. ஜோடியா இருந்தா எந்நூறு தரேன்.'

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். ரப்பரை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, 'ஆயிரம் கேளு' என்றார்.